பாரிஸ் டெஸ்க்கின் கதை: இன்டர்நேஷனல் ஹெரால்ட் ட்ரிப்யூன் எப்படி இல்லாமல் போனது

2013 அக்டோபர் 14, திங்கட்கிழமை. பாரிஸில் தயாராகி உலகம் முழுவதும் விற்ற ஆங்கில நாளிதழ் ஒன்று, இன்டர்நேஷனல் ஹெரால்ட் ட்ரிப்யூன் என்ற பெயரில் கடைசியாக வந்த நாள். மறுநாள் காலையிலும் அதே அச்சகங்களிலிருந்து, ஏறக்குறைய அதே ஆட்கள் தயாரித்த பேப்பர் வந்தது. முகப்பில் மட்டும் இன்டர்நேஷனல் நியூயார்க் டைம்ஸ் என்று இருந்தது. சரி, பெயர்தானே மாறியது என்று பலரும் தாண்டிப் போய்விட்டார்கள். அப்போது எனக்கும் அப்படித்தான் பட்டது. மூன்று வருடம் கழித்து பாரிஸில் அதன் ஆசிரியர் டெஸ்க்கையே, அதாவது செய்திகளைத் தேர்ந்தெடுத்துத் திருத்திப் பக்கம் அமைக்கும் குழுவையே, மூடினார்கள். 2013-இல் என்ன நடந்தது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

உலகம் முழுவதும் விற்ற அச்சு நாளிதழ்கள் ஏன் தேய்ந்தன என்று கேட்டால் இணையம் வந்தது, பேப்பர் போனது என்று எல்லோரும் ஒரே பதிலைச் சொல்கிறோம். அதில் பொய் ஒன்றும் இல்லை, ஆனால் பாதிதான் இருக்கிறது. இந்த ஒரு பத்திரிகையின் கதையைத் தொடக்கத்திலிருந்து பார்த்தால், காகிதத்தை விட்டுவிடலாம் என்று முடிவெடுப்பதற்கு ரொம்ப முன்பே வேறொன்றை விட்டுவிட்டார்கள் என்பது தெரியும். எந்த நாட்டையும் தன் நாடு என்று நினைக்காத ஒரு டெஸ்க் அவர்களிடம் இருந்தது. அது எப்படி உண்டானது, எப்படிக் கலைந்தது என்பதுதான் இந்த ஆய்வு.

ஊரை விட்டு வந்த ஒருவர் தொடங்கியது

நியூயார்க் ஹெரால்ட் பத்திரிகையை 1835-இல் தொடங்கியவரின் மகன் ஜேம்ஸ் கார்டன் பென்னட் ஜூனியர். ஆய்வுப் பயணி லிவிங்ஸ்டனைத் தேடி நிருபர் ஸ்டான்லியை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பியவர் என்று சொன்னால் பலருக்கும் தெரியும். 1877-இல், நிச்சயித்த பெண்ணின் வீட்டு விருந்தில் குடித்துவிட்டு நடந்துகொண்ட விதத்தால் நியூயார்க்கின் பெரிய இடத்து மனிதர்கள் அவரை ஒதுக்கிவைக்க, அவர் பாரிஸுக்கு வந்துவிட்டார். 1887 அக்டோபர் 4 அன்று அங்கேயே ஹெரால்டின் ஐரோப்பியப் பதிப்பைத் தொடங்கினார். மக்கள் வாயில் அது பாரிஸ் ஹெரால்ட் ஆனது.

இதற்கு அடியில் ஒரு கம்பிக் கதையும் உண்டு. அட்லாண்டிக் கடலடித் தந்திக் கம்பிகள் அப்போது சிலர் கையில் இருந்தன, ஒரு சொல் அனுப்பவே பெரிய தொகை கேட்டார்கள். வெள்ளிச் சுரங்கத்தில் பணம் சேர்த்த ஜான் மெக்கே என்பவரோடு சேர்ந்து பென்னட் 1884-இல் சொந்தக் கம்பிகளையே போட்டுவிட்டார். கமர்ஷியல் கேபிள் கம்பெனி என்று பெயர். தந்திக் கட்டணம் இறங்கியது. அமெரிக்கச் செய்தியை மறுநாள் காலையில் பாரிஸில் அச்சடிப்பது நினைத்துப் பார்க்கக்கூடிய காரியம் ஆனது. செய்தித்துறையில் தொழில்நுட்பம் எப்போதும் அழிவைத்தான் கொண்டுவருகிறது என்று பேசுகிறவர்கள் இதையும் நினைவில் வைக்க வேண்டும். இந்தப் பத்திரிகை பிறந்ததே அந்தக் காலத்தின் புதிய தொழில்நுட்பத்தால்தான்.

ஐரோப்பா சுற்ற வந்த பணக்கார அமெரிக்கர்கள்தான் முதல் வாசகர்கள். எந்தக் கப்பலில் யார் வந்தார், எந்த ஹோட்டலில் யார் தங்கியிருக்கிறார் என்ற பட்டியல்கள் வரும், பங்குச்சந்தை வரும், பந்தயக் குதிரை வரும். அப்புறம் அந்தப் புகழ்பெற்ற கடிதம். சென்டிகிரேடை ஃபாரன்ஹீட்டாக மாற்றுவது எப்படி என்று கேட்டு, ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த வயதான பெண்மணி என்று கையெழுத்திட்டு எழுதியது. 1899 கிறிஸ்துமஸ் சமயத்தில் முதலில் வெளிவந்தது, 1918-இல் பென்னட் சாகும்வரை தினமும் வந்தது. ஒரே கடிதம், 18 ஆண்டுகளுக்கு மேல். பைத்தியக்காரத்தனம் என்று சொல்லிவிடலாம். எனக்கு என்னவோ அந்தப் பத்திரிகை யாருக்காக நடந்தது என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேறு கிடையாது. வெளியூரில் வெயில் எவ்வளவு அடிக்கிறது என்பதைக்கூடத் தன் ஊர்க் கணக்கில் தெரிந்துகொள்ள விரும்பும் மனிதர்தான் அதன் வாசகர்.

1914-இல் ஜெர்மன் படை நெருங்கியபோது பிரெஞ்சு அரசாங்கமே போர்தோவுக்குப் போய்விட்டது, பென்னட் பாரிஸிலேயே இருந்து பேப்பரை நிறுத்தாமல் கொண்டுவந்தார். அவருக்குப் பின் கைமாறி, 1924-இல் நியூயார்க் ஹெரால்ட் ட்ரிப்யூனின் ஐரோப்பியப் பதிப்பானது. 1928-இல் பாரிஸில் அச்சடித்த பிரதிகளை விமானத்தில் ஏற்றி, லண்டனில் காலை உணவு நேரத்துக்குள் சேர்த்தார்கள். 1940 ஜூனில் ஜெர்மானியர்கள் பாரிஸுக்குள் நுழைவதற்கு இரண்டு நாள் முன்பு நின்றது, 1944 டிசம்பரில்தான் மறுபடி வந்தது. இவ்வளவு நீண்ட வரலாற்றில் அது வெளிவராமல் இருந்த பெரிய இடைவெளி அந்த நாலரை ஆண்டுதான்.

யாருக்கும் முழுச் சொந்தம் இல்லாத காலம்

முக்கியமான திருப்பம் 1966-இல். நியூயார்க்கில் தாய்ப் பத்திரிகை மூடப்பட்டுவிட்டது, பாரிஸில் பிள்ளை உயிரோடு இருக்கிறது. உரிமையாளரான ஜான் ஹே விட்னியோடு வாஷிங்டன் போஸ்ட் கூட்டுச் சேர்ந்தது. மறு ஆண்டு நியூயார்க் டைம்ஸ், தான் தனியாக நடத்திவந்த சர்வதேசப் பதிப்பை நிறுத்திவிட்டு இதில் வந்து சேர்ந்தது. 1967 மே 22 முதல் பெயர் இன்டர்நேஷனல் ஹெரால்ட் ட்ரிப்யூன்.

அமெரிக்காவில் ஒன்றையொன்று முந்தத் துடிக்கும் இரண்டு பத்திரிகைகள் பாரிஸில் ஒரே பேப்பருக்குப் பங்காளிகள். இதன் விளைவை யாரும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். டைம்ஸ் சொல்வதை மட்டும் போட்டால் போஸ்ட் சும்மா இருக்காது, போஸ்ட் எழுதியதையே முதல் பக்கத்தில் வைத்தால் டைம்ஸ் கேட்கும். எனவே எதை எடுப்பது, எதை விடுவது, எதை எங்கே வைப்பது என்ற முடிவு நடுவில் இருந்த பாரிஸ் ஆசிரியர்களிடம் தங்கியது. அவர்கள் முன்னால் தினமும் இரண்டு பெரிய பத்திரிகைகளின் செய்திகள், செய்தி நிறுவனங்களின் தந்திகள், தங்களுடைய சின்ன நிருபர் படை எழுதியவை எல்லாம் வந்து குவியும். அதிலிருந்து இருபது சொச்சம் பக்கம் தேற வேண்டும்.

அந்த வேலை எப்படிப்பட்டது என்பது பேப்பர் அலுவலகத்தில் டெஸ்க்கில் உட்கார்ந்தவர்களுக்குப் புரியும், மற்றவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். நியூயார்க்கில் எழுதப்பட்ட ஒரு செய்தியில் வெறுமனே ஜனாதிபதி என்று இருந்தால் அது அமெரிக்க ஜனாதிபதி, செனட் என்றால் வாஷிங்டன் செனட். எந்த மாநிலத்தில் யாருக்கு ஓட்டு விழும் என்ற உள்ளூர்க் கவலை நாலாவது பத்தியிலேயே வந்துவிடும். பாரிஸில் இருக்கிற துணை ஆசிரியர் அதை பிரஸ்ஸல்ஸ் வக்கீலுக்கும் ஜகார்த்தா வங்கிக்காரருக்கும் கெய்ரோ ஆசிரியைக்கும் ஒரே நேரத்தில் புரியும்படி ஆக்க வேண்டும். வெட்டுவார், பின்னணி சேர்ப்பார், வரிசையை மாற்றுவார். ஆனால் மாற்றங்களில் பெரியது செய்திக்குள்ளே நடக்கவில்லை, பக்கத்தில் நடந்தது. நியூயார்க்கில் பதினாலாம் பக்கத்தில் கிடந்தது இங்கே முதல் பக்கத்துக்கு ஏறும், அங்கே முதல் பக்கத்தில் வந்தது இங்கே ஒரு துண்டுச் செய்தியாகச் சுருங்கும்.

கடிகாரமும் பாரிஸுக்குச் சாதகமாக இருந்தது. நியூயார்க் பங்குச்சந்தை மாலை 4 மணிக்கு மூடும்போது பாரிஸில் இரவு 10 மணி. பக்கத்தை மூடுவதற்கு முன் அன்றைய முடிவு விலைகள் கையில் வந்துவிடும், ஐரோப்பாவில் காலையில் பேப்பரைப் பிரிப்பவருக்கு அது கிடைத்துவிடும். இணையம் இல்லாத காலத்தில் ஒரு வங்கி அதிகாரிக்கு இதன் மதிப்பு என்ன என்று யோசித்துப் பாருங்கள். அதே 10 மணி ஹாங்காங்கில் குளிர்காலத்தில் விடிகாலை 5 மணி. அங்கேயும் அதே பேப்பரைக் காலையில் விற்க வேண்டுமென்றால் விமானம் எந்த விதத்திலும் உதவாது. பக்கங்களின் உருவத்தையே மின்குறிகளாக்கி அனுப்பி, போய்ச் சேரும் இடத்தில் ஃபிலிமாக்கி, தகடெடுத்து அச்சடிக்க வேண்டும். 1974-இல் பாரிஸிலிருந்து லண்டன் பக்கத்து அச்சகத்துக்கு இப்படி அனுப்பத் தொடங்கினார்கள். 1980-இல் செயற்கைக்கோள் வழியே ஹாங்காங்குக்கு அனுப்பினார்கள், 1982-இல் சிங்கப்பூர் சேர்ந்தது. உலகின் இரண்டு எதிர்ப்பக்கங்களில் ஒரே நாளில் ஒரே நாளிதழ். பின்னாளில் 38 அச்சகங்கள், 160-க்கும் மேற்பட்ட நாடுகள் என்று வளர்ந்தது.

நான் அந்தப் பேப்பரைப் பார்த்தது 1997-இல், சிங்கப்பூரில் ஒரு கப்பல் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் சேர்ந்தபோது. அங்கே அடுக்கு வீடுகளின் கீழ்த்தளத்தில் நம் ஆட்கள் நடத்திய மாமா கடைகளில் தமிழ் முரசும் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸும் கிடைக்கும். இதை வாங்க நகர மையத்துக்குப் போக வேண்டும், விலையும் கட்டுப்படியாகாது. அலுவலகத்துக்கு ஒரு பிரதி வரும், மேலாளர் படித்து முடித்ததும் பதினொரு மணிக்கு மேல் எங்கள் பக்கம் வந்துசேரும். அந்த ஆண்டு ஜூலை 2 அன்று தாய்லாந்து தன் நாணயத்தை மிதக்க விட்டது, அதாவது அதன் மதிப்பைச் சந்தையே தீர்மானிக்கட்டும் என்று விட்டது. அங்கிருந்து நெருக்கடி நாடு நாடாகப் பரவியது. உள்ளூர்ப் பேப்பர் சிங்கப்பூர் டாலருக்கு என்ன ஆகும் என்று எழுதியது, அது அதன் கடமை. இந்தோனேசியாக்காரர் ஜகார்த்தாவை மட்டும் பார்த்தார். ஆனால் ஹெரால்ட் ட்ரிப்யூனில் பாங்காக், கோலாலம்பூர், ஜகார்த்தா, டிசம்பரில் சியோல், மறு ஆண்டு ஆகஸ்டில் மாஸ்கோ என்று எல்லாமே ஒரே நோயின் அறிகுறிகளாக, ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து வந்தன. கணக்கு எழுதுகிற வேலையில் இருந்த எனக்கு, ஒரு ஊரின் வரவு எப்படி இன்னொரு ஊரின் கடனாகிறது என்பதை அந்தப் பக்க அமைப்புதான் புரியவைத்தது. கட்டுரைகளைவிட, அவற்றைப் பக்கத்தில் அடுக்கிய விதம் கற்றுக்கொடுத்தது அதிகம். இதை நான் நன்றியோடுதான் சொல்கிறேன்.

அச்சடிக்கும் ஊரின் பிடி

பழைய நினைவில் நான் எல்லாவற்றையும் பொன்னாக்கிவிடக் கூடாது. ஓர் ஊரில் அச்சடித்தால் அந்த ஊரின் சட்டத்துக்கும் அதிகாரத்துக்கும் கட்டுப்பட்டாக வேண்டும். இந்தப் பக்கத்தைச் சொல்லாமல் விட்டால் ஆய்வு நேர்மையாக இருக்காது.

சிங்கப்பூரையே எடுத்துக்கொள்ளுங்கள். உள்நாட்டு அரசியலில் தலையிடுவதாகக் கருதும் வெளிநாட்டு இதழ்களின் விற்பனைக்கு அரசு உச்சவரம்பு விதிக்கலாம் என்று 1986-இல் சட்டம் திருத்தப்பட்டது. 1987-இல் ஏசியன் வால் ஸ்ட்ரீட் ஜர்னலின் விற்பனை 5,000 பிரதிகளிலிருந்து 400-க்கு இறக்கப்பட்டது. தடை செய்யவில்லை, விளம்பரதாரருக்குப் பயனில்லாத அளவுக்குக் குறைத்தார்கள். ஹெரால்ட் ட்ரிப்யூனுக்கு வழக்குகள் வந்தன. 1994-இல் வந்த ஒரு கட்டுரைக்காக மறு ஆண்டு சிங்கப்பூர் தலைவர்கள் மூவருக்கு மொத்தம் 9,50,000 சிங்கப்பூர் டாலர் கட்ட வேண்டியிருந்தது. 2010-இல் ஆசியாவின் அரசியல் குடும்பங்களைப் பற்றிய ஒரு கட்டுரைக்காக மன்னிப்புக் கேட்டு இன்னொரு 1,60,000 டாலர். பாரிஸில் உட்கார்ந்து எழுதினாலும் அச்சகம் சிங்கப்பூரில், விளம்பரம் சிங்கப்பூரில், வாசகர் சிங்கப்பூரில்.

பாகிஸ்தானில் கூட்டாளியான எக்ஸ்பிரஸ் ட்ரிப்யூன் அச்சடித்துத் தந்தது. 2014 மார்ச் 22 அன்று, பாகிஸ்தானுக்கும் பின் லேடனுக்கும் இருந்த தொடர்பு பற்றிய கட்டுரை வர வேண்டிய இடத்தில் முதல் பக்கமே பெரிதாக வெறுமையாக வந்தது. தாய்லாந்தில் 2015 செப்டம்பரில், அரச குடும்பம் பற்றிய கட்டுரை இருந்ததால் அச்சகம் அன்றைய இதழையே அடிக்க மறுத்துவிட்டது. டிசம்பரில் இன்னொரு கட்டுரையை எடுத்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக விட்டது. தாய்லாந்தில் எங்கள் அச்சகத்தார் நீக்கியது, ஆசிரியர் குழுவுக்கு இதில் பங்கில்லை என்ற அறிவிப்பு மட்டும் அந்த வெள்ளைக்குள் இருந்தது. அந்த ஆண்டோடு அங்கே அச்சும் நின்றது.

இந்தியா வேறு வழியில் போனது. வெளிநாட்டு நாளிதழ்கள் இங்கே அச்சடிக்கக் கூடாது என்பது 1955-ஆம் ஆண்டின் அமைச்சரவைத் தீர்மானம். அரை நூற்றாண்டு அப்படியே இருந்தது. 2002-இல்தான் செய்தி இதழ்களில் 26 சதவீதம் வரை வெளிநாட்டு முதலீட்டுக்குக் கதவு திறந்தது. 2004-இல் ஒரு இந்திய நிறுவனம் ஹெரால்ட் ட்ரிப்யூனை ஹைதராபாத்தில் அச்சடிக்கத் தொடங்கியபோது, இது விதிக்குள் வருகிறதா என்று அரசாங்கம் கேள்வி எழுப்பியது. இந்தியாவுக்கு அந்தப் பேப்பர் வந்துசேர்ந்த நேரமும் பரிதாபம். ஐம்பது வருடம் வாசலில் நின்ற விருந்தாளி உள்ளே வந்தபோது பந்தி எடுக்கிற நேரம்.

பங்காளி போனதும் என்ன ஆனது

2002 இறுதியில் வாஷிங்டன் போஸ்டின் பாதிப் பங்கையும் நியூயார்க் டைம்ஸ் வாங்கியது. விரும்பிக் கொடுத்த பங்கு இல்லை. விற்காவிட்டால் தானே போட்டியாக ஒரு சர்வதேசப் பதிப்பைத் தொடங்குவேன், நஷ்டத்தை ஈடுகட்டப் பணமும் போடமாட்டேன் என்ற நிலையை டைம்ஸ் எடுத்தது, போஸ்ட் மனமில்லாமல் விலகியது. அப்போது தலைமை நிர்வாகியாக இருந்த பீட்டர் கோல்ட்மார்க், தனிக்குரலும் தனிப் பார்வையும் கொண்ட பத்திரிகையாக ஹெரால்ட் ட்ரிப்யூன் இருந்த காலம் முடிகிறது என்று வெளிப்படையாகவே வருந்திவிட்டு வெளியேறினார். பதவி போன கோபம் என்று அன்று சிலர் நினைத்திருக்கலாம். பத்தாண்டு கழித்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் அப்படியே நடந்திருக்கிறது.

டைம்ஸ் செய்ததில் வணிக நியாயம் இருந்தது என்பதையும் மறுக்க முடியாது. ஒரு நிறுவனம் இரண்டு பெயர்களை ஏன் வளர்க்க வேண்டும்? இணையத்தில் எல்லையே இல்லாதபோது பாரிஸில் ஒரு பெயர், நியூயார்க்கில் ஒரு பெயர் என்பது பணவிரயமாகத்தான் தெரியும். 2009 மார்ச்சில் ஹெரால்ட் ட்ரிப்யூனின் இணையதளத்தை டைம்ஸ் தளத்தோடு இணைத்தார்கள். அப்போது பழைய கட்டுரைகளின் சுட்டிகள் கூட்டம் கூட்டமாக அறுந்தன, எதைத் தட்டினாலும் முகப்புப் பக்கத்துக்குப் போய் நிற்கும். வருடக்கணக்கில் எழுதியவர்களின் உழைப்பு ஒரு வாரத்தில் தேட முடியாத இடத்துக்குப் போனது. பழைய பேப்பராவது பரணில் கிடக்கும்.

2011-இல் டைம்ஸ் இணையத்தில் சந்தா முறையைக் கொண்டுவந்தது, 2013-இல் பெயர் மாற்றம். வெளிநாட்டு வாசகரிடம் இனி விற்கப்போவது இணையச் சந்தா என்றால், அவருக்குத் தெரிய வேண்டிய பெயர் நியூயார்க் டைம்ஸ். அச்சுப் பேப்பர் அந்தப் பெயருக்கான விளம்பரப் பலகையாக மாறியது. 2016 ஏப்ரலில் பாரிஸின் ஆசிரியர் வேலையையும் பக்கத் தயாரிப்பையும் நிறுத்தப்போவதாகவும், 70 பேர் வரை வேலை இழக்கவோ இடம் மாறவோ நேரும் என்றும் அறிவித்தார்கள். வேலை நியூயார்க்குக்கும் ஹாங்காங்குக்கும் போனது. அந்த அக்டோபரில் பெயர் மறுபடி மாறி, நியூயார்க் டைம்ஸ் இன்டர்நேஷனல் எடிஷன் ஆனது. மூன்று பெயர்களையும் வரிசையாக வைத்துப் பாருங்கள்: 1967-இல் இன்டர்நேஷனல் என்பது பத்திரிகையின் பெயரில் முதல் சொல், 2016-இல் அது பதிப்பின் அடையாளம்.

சரி, வணிகக் கணக்கு ஏன் தேறவில்லை? உள்ளூர்ப் பேப்பருக்கு வரன் விளம்பரம், வாடகை வீடு, நினைவஞ்சலி, ஜவுளிக்கடை தள்ளுபடி என்று நூறு கிளைகளிலிருந்து பணம் வரும். இந்த மாதிரிப் பேப்பருக்கு அப்படி எதுவும் கிடையாது. விலையுயர்ந்த கடிகாரம், விமான நிறுவனம், வங்கி, ஹோட்டல் என்று ஒரு கைவிரலில் எண்ணிவிடக்கூடிய விளம்பரதாரர்கள்தான். உலகப் பொருளாதாரம் ஒரு தடவை தும்மினால் அத்தனை பேரும் ஒரே நாளில் பணத்தை நிறுத்துவார்கள். 2008-இல் அதுதான் நடந்தது. விநியோகச் செலவோ உள்ளூர்ப் பேப்பரைவிடப் பல மடங்கு: ஒரு நகரத்தில் சில ஆயிரம் பிரதிகளுக்காக ஓர் அச்சகம், ஒரு வண்டி, ஓர் ஏஜெண்ட்.

இன்னொரு பலவீனம், பிரதிகளில் கணிசமானவை வாசகர் காசு கொடுத்து வாங்கியவை அல்ல. ஹோட்டல் அறைக் கதவில் தொங்கும், விமானத்தில் ஏறும்போது தட்டில் இருக்கும். மொத்தமாகத் தள்ளுபடியில் போகும் பிரதிகள் அவை. இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வால் ஸ்ட்ரீட் ஜர்னல் யூரோப் சான்று. அதன் பிரதிகள், ஒன்று 1 சென்ட் என்ற அளவுக்கு மலிவாக, மொத்தமாக விற்கப்பட்டு விற்பனை எண்ணிக்கையில் சேர்க்கப்பட்டதாக 2011 அக்டோபரில் பிரிட்டனின் கார்டியன் நாளிதழ் வெளிப்படுத்தியது, ஜர்னல் யூரோப்பின் வெளியீட்டாளர் பதவி விலகினார். ஹோட்டலில் தங்குபவர் கையில் போன் வந்ததும் கதவில் தொங்குவதை அவர் பிரிப்பதுகூட இல்லை. ஹோட்டல்காரர்கள் சந்தாவை நிறுத்த வெகுநாள் ஆகவில்லை. 2020-இல் பெருந்தொற்று வந்தபோது விமானங்களே நின்றன.

மற்றவர்கள் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டிஷ் பத்திரிகை முதலாளி ராபர்ட் மேக்ஸ்வெல் 1990-இல் பெரிய கனவோடு தொடங்கிய தி யூரோப்பியன் 1998-இல் நின்றது, இணையத்தைக் காரணம் சொல்லவே முடியாத காலத்தில். ஐரோப்பா முழுவதற்கும் ஒரு பேப்பர் என்றால் எந்த ஊர்க்காரர் அதைத் தன் பேப்பர் என்று நினைப்பார் என்பதற்கு அவர்களிடம் பதில் இல்லை. அமெரிக்காவின் கிறிஸ்டியன் சயன்ஸ் மானிட்டர் 2009-இல் தினசரி அச்சை விட்டது. வால் ஸ்ட்ரீட் ஜர்னலின் ஐரோப்பிய, ஆசிய அச்சுப் பதிப்புகள் 2017 செப்டம்பர் இறுதியிலும் அக்டோபர் முதல் வாரத்திலும் அடுத்தடுத்து நின்றன. முன்பிருந்தே வார இதழாக வந்த கார்டியன் வீக்லி மட்டும் 2018-இல் செய்தித்தாள் உருவத்தை விட்டு சஞ்சிகை உருவத்துக்கு மாறித் தப்பித்தது. உடனடிச் செய்தி எங்கள் வேலையில்லை, ஒரு வாரத்தைத் தொகுத்துத் தருகிறோம் என்ற வேலைக்கு ஏற்றபடி உருவத்தை மாற்றிக்கொண்டதை நல்ல முடிவு என்றே நான் பார்க்கிறேன்.

இழந்தது எது

2023 முடியும்போது நியூயார்க் டைம்ஸ் சந்தாதாரர்கள் 1 கோடியைத் தாண்டிவிட்டார்கள். ஹெரால்ட் ட்ரிப்யூனின் விற்பனை உச்சத்தில்கூடச் சில லட்சங்கள்தான். மதுரையில் இருக்கிற ஒரு மாணவி மன்ஹாட்டன்காரருக்குக் கிடைக்கிற அதே நிமிடத்தில் அதே கட்டுரையைப் படிக்க முடிகிறது. என் காலத்தில் பதினொரு மணிவரை காத்திருந்து, மேலாளரின் காபிக் கறையோடு படித்தோம். இந்த வளர்ச்சியைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

ஆனால் அந்த மாணவி படிப்பது நியூயார்க்கில் நியூயார்க்குக்காக எழுதியதை. எது பெரிய செய்தி, எது சின்னச் செய்தி என்ற வரிசையும் பெரும்பாலும் அங்கே தீர்மானிக்கப்படுவது. அதற்கு மேல், அவர் முன்பு தட்டிப் பார்த்ததை வைத்து அடுத்ததைக் காட்டுகிறார்கள். பாரிஸ் டெஸ்க் செய்தது இதற்கு நேர்மாறானது. உலகத்தில் எங்கே இருந்தாலும் இன்றைக்கு இதைத் தெரிந்துகொள்ளுங்கள் என்று இருபது பக்கத்தில் முடித்துக் கொடுத்தது, முழுதும் படித்துவிட்டேன் என்று மடித்து வைக்க முடிந்தது. அதிலும் அமெரிக்கச் சாய்வு நிறைய இருந்தது. ஆப்பிரிக்காவும் நம் தெற்காசியாவும் பஞ்சம், போர், தேர்தல் வந்தால்தான் பக்கம் ஏறும். இவ்வளவு குறையோடும், தன் வாசகர் எந்த நாட்டுக்காரர் என்று தெரியாமல் எழுதியாக வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இருந்தது. அந்தக் கட்டாயம்தான் தரத்தைக் கொடுத்தது. விளம்பரதாரர் விலகியதும் வாசகர் போனுக்குப் போனதும் காகிதத்தைக் கொன்றிருக்கும், சந்தேகமில்லை. டெஸ்க்கைக் கொன்றது இரண்டு பங்காளிகள் ஒருவரானது. இணையத்திலும் அந்த டெஸ்க்கை நடத்தியிருக்கலாம், அதற்குக் காகிதம் தேவையே இல்லை. நடத்த வேண்டும் என்று வற்புறுத்த யாரும் மிஞ்சவில்லை.

பாரிஸிலிருந்து எடுத்துப்போன வேலையில் ஒரு பகுதி ஹாங்காங் போனது என்று சொன்னேன் இல்லையா, அதற்கும் ஒரு தொடர்ச்சி உண்டு. 2020 ஜூன் இறுதியில் அங்கே தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஊழியர்களுக்கு வேலை அனுமதி கிடைப்பதில் சிக்கல் வந்தது. அடுத்த மாதமே, தன் இணையச் செய்திப் பணியாளர்களை ஹாங்காங்கிலிருந்து சியோலுக்கு மாற்றப்போவதாக டைம்ஸ் அறிவித்தது. அந்த வேலைக்கு அச்சகம் வேண்டாம், தகடு வேண்டாம், வண்டியும் வேண்டாம். உட்கார ஓர் ஊரும் விசாவும் வேண்டியிருந்தது.